இரண்டு காயில், நடுவே ஒரு கெபாசிட்டர்: சோலார் பேனலுக்குச் சூக் கன்வெர்ட்டர்

100 வாட் பேனல் ஒன்றின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 36 செல் பேனலாக இருந்தால் அதிகபட்ச பவர் வோல்டேஜ் 18 வோல்ட், கரண்ட் 5.56 ஆம்பியர், திறந்த சுற்று வோல்டேஜ் 22 வோல்ட் என்ற அளவில் இருக்கும். இவையெல்லாம் செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தவை. நல்ல வெயிலில் செல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் வோல்டேஜ் குறைகிறது என்று வைத்தால், 40 டிகிரி ஏற்றத்தில் 18 வோல்ட் 15.1 வோல்ட்டாக இறங்கிவிடும். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு முழு சார்ஜுக்குத் தேவை 14.4 வோல்ட். வயரில் விழும் வோல்டேஜையும் கழித்தால் கையில் மிஞ்சுவது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல்தான்.

பெரும்பாலான எம்பிபிடி சார்ஜர்களில் (பேனலின் உச்ச பவர் புள்ளியைத் தேடிப் பிடிப்பவை) இருக்கும் பக் கன்வெர்ட்டருக்கு இந்த அரை வோல்ட் போதாது. பக் என்பது வோல்டேஜைக் குறைக்க மட்டுமே தெரிந்த சர்க்யூட். நிழல் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். 36 செல் பேனலில் வழக்கமாக 18 செல்லுக்கு ஒன்றாக இரண்டு பைபாஸ் டயோடுகள் (நிழல் விழுந்த செல்களைச் சுற்றிக் கரண்டுக்கு வழிவிடுபவை) இருக்கும். ஒரு மரக்கிளையின் நிழல் ஒரு பாதியில் விழுந்ததும் அந்தப் பாதியின் டயோடு கடத்தத் தொடங்கும். மீதிப் பாதி 8.5 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரத் தயாராக நிற்கும். அது 46 வாட்டுக்கு மேல். ஆனால் 14 வோல்ட்டுக்குக் கீழே வரும் எதையும் பக் கன்வெர்ட்டரால் பேட்டரிக்குள் தள்ள முடியாது. அந்த 46 வாட் அப்படியே பேனலில் சூடாகப் போய்விடும்.

வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த சர்க்யூட்டுகளில் பேனலுக்கு மிகவும் இணக்கமானது சூக் கன்வெர்ட்டர் என்பது என் கருத்து. ஸ்லோபோதான் சூக், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆர். டி. மிடில்புரூக்கிடம் ஆய்வு மாணவராக இருந்து 1976-ல் முனைவர் பட்டம் பெற்றவர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வழியே 1977-ல் இந்த சர்க்யூட் வெளியுலகத்துக்கு வந்தது. 1980-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஸ்விட்ச் திறந்து மூடும் சர்க்யூட்டை ஒரு சுழற்சி முழுக்கச் சராசரி எடுத்து, சாதாரணச் சமன்பாடுகளாக எழுதும் முறையையும் இதே இருவர் 1976-ல் முன்வைத்தார்கள். இன்றும் பவர் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் அந்த முறையைக் கற்றுத்தருகிறார்கள்.

சூக் செய்தது என்ன? அதற்கு முன்பிருந்த பக்-பூஸ்ட் சர்க்யூட்டில் ஆற்றலைச் சுமந்து மாற்றுவது காயில். ஸ்விட்ச் ஆன் ஆனால் மூலத்திலிருந்து காயில் நிரம்பும். ஆஃப் ஆனால் லோடுக்குள் காலியாகும். அதனால் உள்ளே போகும் கரண்டும் வெளியே வரும் கரண்டும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். சூக் இதைத் தலைகீழாக்கினார். இரு பக்கமும் ஆளுக்கொரு காயிலை வைத்தார். நடுவே ஆற்றலைச் சுமக்கும் வேலையை ஒரு கெபாசிட்டரிடம் கொடுத்தார். அந்தக் கெபாசிட்டர் இரு கரைக்கும் இடையே ஓடும் தோணி. காயிலில் கரண்ட் திடீரென்று மாறாது என்பதால் இரு கரையிலும் கரண்ட் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேனலுக்கு இது ஏன் முக்கியம்? பேனலின் பவர் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜில்தான் உச்சத்தில் இருக்கும். கன்வெர்ட்டர் இழுக்கும் கரண்ட் அலைந்தால் வோல்டேஜும் உச்சிக்கு இருபுறமும் அலையும். சராசரியாகக் கிடைப்பது எப்போதும் உச்சத்தைவிடக் குறைவு. பக் கன்வெர்ட்டரில் இதைத் தடுக்க இன்புட் கெபாசிட்டர் முழு அடியையும் வாங்கவேண்டும்: 18 வோல்ட்டிலிருந்து 14.4-க்கு 100 வாட் இறக்கும்போது அதில் 2.8 ஆம்பியர் ஆர்எம்எஸ் (சூட்டுக்குக் கணக்காகும் சராசரி) ஓடும். சூக்கில் அந்த இடத்தில் சின்ன அலைவு மட்டுமே.

எந்த முனை எங்கே

பேனலின் பாசிட்டிவிலிருந்து முதல் காயில், அதன் மறுமுனையில் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன். ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்தான் மாஸ்ஃபெட்; டிரெய்ன், சோர்ஸ், கேட் என அதற்கு மூன்று முனைகள். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கிரவுண்டுக்கு, அதாவது பேனலின் நெகட்டிவுக்கு. டிரெய்னிலிருந்து நடு கெபாசிட்டர். அதன் மறுமுனையில் டயோடின் ஆனோடு, கேத்தோடு கிரவுண்டுக்கு. அதே ஆனோடு முனையிலிருந்து இரண்டாம் காயில், அவுட்புட்டுக்கு.

அவுட்புட் கிரவுண்டைவிடக் கீழே, மைனஸில் வரும். ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் கிரவுண்டில் சேரும், நெகட்டிவ் இரண்டாம் காயிலில் சேரும். இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். பேனலின் நெகட்டிவும் பேட்டரியின் பாசிட்டிவும் ஒரே புள்ளி. ஏற்கெனவே உள்ள வயரிங்கில் பேனல் நெகட்டிவும் பேட்டரி நெகட்டிவும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், இந்த சர்க்யூட்டை இணைத்த நொடியில் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். இரண்டுக்கும் பொது எர்த் இருந்தாலும் அதேதான். அப்படிப்பட்ட இடத்தில் செபிக் கன்வெர்ட்டர் போடுங்கள். அதே பாகங்கள், டயோடும் இரண்டாம் காயிலும் இடம் மாறும், அவுட்புட் நேராக வரும். விலையாக அவுட்புட் கரண்ட் துண்டு துண்டாகும். பேட்டரி அதைப் பொறுத்துக்கொள்ளும்.

அவுட்புட் வோல்டேஜை ட்யூட்டி, அதாவது ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும் பங்கு, முடிவு செய்கிறது. ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும் பங்கை ஆஃப் ஆகியிருக்கும் பங்கால் வகுத்து இன்புட் வோல்டேஜால் பெருக்கினால் அவுட்புட். 18-லிருந்து 14.4 வேண்டுமென்றால் ட்யூட்டி 0.444. நிழலில் 9 வோல்ட் வந்தால் 0.615. பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கி பேனல் 22-ல் நின்றால் 0.33. ஆகவே ப்ரோகிராமில் ட்யூட்டியை 0.30-க்கும் 0.70-க்கும் இடையே பூட்டிவிடலாம். முழுக்க 1 ஆனால் மாஸ்ஃபெட் பேனலை ஷார்ட் செய்தபடி நிற்கும். பேனல் தன் ஷார்ட் சர்க்யூட் கரண்டோடு நின்றுவிடும், கெடாது. ஆனால் பேட்டரிக்கு ஒன்றும் போகாது.

நடு கெபாசிட்டர்

பெரும்பாலான சூக் சர்க்யூட்டுகள் செத்துப்போவது இங்கேதான். காயிலைப் பார்த்துப் பார்த்துச் சுற்றுபவர்கள் நடுவே 100 மைக்ரோஃபேரட் 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் அது கொதிக்கும், தலை உப்பும், வெடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்விட்ச் ஆன் ஆகும்போது இரண்டாம் காயிலின் கரண்ட் முழுதும் இந்தக் கெபாசிட்டரிலிருந்து வெளியேறுகிறது. ஆஃப் ஆகும்போது முதல் காயிலின் கரண்ட் முழுதும் இதற்குள் நுழைகிறது. 94 சதவீதத் திறன் என்று கொண்டால் அவுட்புட் கரண்ட் 6.5 ஆம்பியர். சுழற்சியின் 44 சதவீத நேரம் 6.5 ஆம்பியர் ஒரு திசையில், 56 சதவீத நேரம் 5.56 ஆம்பியர் எதிர்த்திசையில். ஆர்எம்எஸ் 6 ஆம்பியர். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஒன்று தாங்குவது ஓரிரு ஆம்பியர்தான்.

வேண்டியது 4.7 மைக்ரோஃபேரட் 100 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் நான்கு, இணையாக. மொத்தம் 18.8 மைக்ரோஃபேரட். 100 கிலோஹெர்ட்ஸில் இதன் மேல் வோல்டேஜ் அலைவு 1.6 வோல்ட், அதாவது 5 சதவீதம். அது போதும். இந்தக் கெபாசிட்டரின் மேல் நிற்கும் வோல்டேஜ் இன்புட்டும் அவுட்புட்டும் சேர்ந்த 32.4 வோல்ட், பேனல் திறந்த வோல்டேஜில் இருக்கும்போது 36-ஐத் தாண்டும், கூடவே ஸ்விட்ச் மாறும் நொடியில் எழும் வோல்டேஜ் முட்கள். 50 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம்.

செராமிக் போடலாமா? போடலாம், எக்ஸ்7ஆர் வகையாக இருந்தால். ஆனால் டிசி வோல்டேஜ் ஏற ஏறச் செராமிக்கின் கொள்ளளவு சுருங்கும். 50 வோல்ட் செராமிக்கில் 36 வோல்ட் நின்றால் எழுதியிருக்கும் மதிப்பில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். 100 வோல்ட் வகையில் ஏழெட்டு வைக்கவேண்டிவரும். போர்டு வளைந்தால் செராமிக் விரிசல் விட்டு ஷார்ட் ஆகும் என்பது இன்னொரு கவலை. இந்த இடத்தில் ஷார்ட் என்பது சாதாரண விஷயமில்லை: பேட்டரியின் பாசிட்டிவ் கிரவுண்டில் இருக்கிறது, மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் பாடி டயோடு கிரவுண்டிலிருந்து டிரெய்னை நோக்கிக் கடத்தும். நடு கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் பேட்டரி அந்த டயோடு வழியாக, இரண்டாம் காயில் வழியாகத் தன்னைத்தானே ஷார்ட் செய்துகொள்ளும். பேட்டரி முனைக்கு அருகிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

இதே கெபாசிட்டர் நல்ல நிலையில் இருக்கும்போது தரும் பாதுகாப்பையும் சொல்லவேண்டும். பக் சார்ஜரில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் பேனல் நேராகப் பேட்டரியில் ஏறும், கட்டுப்பாடின்றி. சூக்கில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் பேனல்தான் ஷார்ட் ஆகிறது. பேட்டரி கெபாசிட்டருக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது. இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குத் திரும்பி ஓடும் பாதையும் இதனால் அடைபடும். தனியாகத் தடுப்பு டயோடு தேவையில்லை.

எலக்ட்ரோலிட்டிக் வகைக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. இரண்டு 100 மைக்ரோஹென்றி காயில்களும் நடு கெபாசிட்டரும் சேர்ந்து சுமார் 2.6 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்ளும். ட்யூட்டியை ஒரு படி மாற்றியதும் பேனல் வோல்டேஜ் மணி அடித்ததுபோல் ஆடும். எம்பிபிடி ப்ரோகிராம் அந்த ஆட்டத்தை நிஜ மாற்றமாக நினைத்து வழிதவறும். 100 மைக்ரோஃபேரட் 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கோடு 2 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, ஃபிலிம் கெபாசிட்டர்களுக்கு இணையாக வைத்தால் ஆட்டம் அடங்கும். ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கிளையில் கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். ரெசிஸ்டரின் சூடு 0.1 வாட் அளவு. 1 வாட் ரெசிஸ்டர் தாராளம்.

மற்ற பாகங்கள்

காயில் இரண்டும் 100 மைக்ரோஹென்றி. 100 கிலோஹெர்ட்ஸில் இரண்டிலும் 0.8 ஆம்பியர் அலைவு, உச்சம் 7 ஆம்பியருக்குள். சேச்சுரேஷன் (கோர் இனிக் காந்தம் ஏற்காமல் நிறைந்துவிடும் கரண்ட்) 10 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும், ஏனென்றால் ஃபெரைட் சூடாகச் சூடாகச் சீக்கிரம் சேச்சுரேட் ஆகும். ஆசிலாஸ்கோப்பில் காயில் கரண்டு நேர்கோடாக ஏறவேண்டும். கடைசியில் மேல்நோக்கி வளைந்தால் சேச்சுரேஷன் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து எடுக்கும் மஞ்சள்-வெள்ளை டோராய்டு வேலை செய்யும், ஆனால் சூட்டில் வருடக்கணக்காக இருந்தால் அந்தப் பொருள் தேய்ந்து நஷ்டம் கூடிக்கொண்டே போகும். நிரந்தரமாக ஓடப்போகும் சர்க்யூட்டில் சென்டஸ்ட் கோர் போடுங்கள்.

மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது இரு காயிலின் கரண்டும் சேர்ந்து 12 ஆம்பியர் அதன் வழியே போகிறது. ஆர்எம்எஸ் 8 ஆம்பியர். எல்லோர் கையிலும் இருக்கும் ஐஆர்எஃப்540என் 44 மில்லிஓம். குளிர்ந்த நிலையிலேயே 2.8 வாட் நஷ்டம், சூடானால் 4 வாட்டைத் தாண்டும். 10 மில்லிஓம் 100 வோல்ட் மாஸ்ஃபெட்டில் அது 0.65 வாட். சோர்ஸ் கிரவுண்டில் இருப்பதால் கேட்டை (மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் செய்யும் முனையை) ஓட்டுவது எளிது. பக் சர்க்யூட்டில் கேட்டை இன்புட்டைவிட உயர்ந்த வோல்டேஜில் ஓட்டவேண்டிய பூட்ஸ்ட்ராப் தொல்லை இங்கே இல்லை. ஆனால் மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட் பின்னிலிருந்து நேராக ஓட்டாதீர்கள். 12 வோல்ட்டில் ஓடும் கேட் டிரைவர் ஐசி ஒன்று, 5 முதல் 10 ஓம் கேட் ரெசிஸ்டர், கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம்.

நஷ்டத்தில் பெரும்பங்கு டயோடுக்கு. சராசரி 6.5 ஆம்பியர், 0.6 வோல்ட் வீழ்ச்சி: கிட்டத்தட்ட 4 வாட். 100 வோல்ட் 20 ஆம்பியர் ஷாட்கி, ஹீட் சிங்கோடு. இதற்குப் பதில் இரண்டாவது மாஸ்ஃபெட் வைக்கலாம், ஆனால் அதன் சோர்ஸ் கிரவுண்டுக்கும் மைனஸ் 36 வோல்ட்டுக்கும் இடையே துள்ளும் முனையில் இருப்பதால் தனிமைப்படுத்திய கேட் டிரைவ் வேண்டும். 100 வாட்டுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை என்றே சொல்வேன்.

மாஸ்ஃபெட், நடு கெபாசிட்டர், டயோடு மூன்றும் சேர்ந்த வளையம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 12 ஆம்பியர் 30 நானோசெகண்டில் திசைமாறுகிறது. பாதையில் ஒவ்வொரு 10 நானோஹென்றிக்கும் 4 வோல்ட் முள் கிளம்பும். ஒரு சென்டிமீட்டர் டிராக் ஏறக்குறைய அவ்வளவு. பிரெட்போர்டில் 10 சென்டிமீட்டர் வயரில் இணைத்தால் 36 வோல்ட்டின் மேல் இன்னொரு 40 வோல்ட் ஏறும். 60 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டவர்களுக்கு அது ஏன் காரணம் தெரியாமல் எரிந்துபோகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

உச்சியைத் தேடும் ப்ரோகிராம்

ட்யூட்டியை ஒரு படி மாற்று, பவர் கூடினால் அதே திசையில் போ, குறைந்தால் திரும்பு. முறை இவ்வளவுதான். சிக்கல் படியின் அளவில் இருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகன்ட்ரோலரில் 100 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஒரு சுழற்சிக்கு 160 எண்ணிக்கைதான் கிடைக்கும். ஒரு எண்ணிக்கை மாறினால் ட்யூட்டி 0.00625 நகரும், பேட்டரி 14.4-ல் நிற்கும்போது பேனல் வோல்டேஜ் 0.46 வோல்ட் தாவும். 50 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் தாவல் பாதியாகும், காயில் அலைவு இரட்டிப்பாகும். 64 மெகாஹெர்ட்ஸ் டைமர் உள்ள சிப்பை எடுப்பதுதான் சுத்தமான வழி. ஒவ்வொரு படிக்கும் பிறகு 50 மில்லிசெகண்டாவது காத்திருந்து, பல அளவீடுகளைச் சராசரி எடுங்கள்.

காலையில் சார்ஜர் மந்தமாகக் கிடக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் கரண்ட் அளக்கும் ஆம்ப்ளிஃபையர்தான் காரணம். கரண்டை அளக்க வைக்கும் 10 மில்லிஓம் ரெசிஸ்டரான ஷண்டில் 5.5 ஆம்பியருக்கு 55 மில்லிவோல்ட் வரும், அதிகாலையின் 0.3 ஆம்பியருக்கு 3 மில்லிவோல்ட். எல்எம்358 ஆம்ப்ளிஃபையரின் ஆஃப்செட்டே (இன்புட்டில் அதற்கு இயல்பாக இருக்கும் பிழை) 2 மில்லிவோல்ட், சில சிப்பில் 7 வரை போகும். சிக்னல் அதற்குள் புதைந்துவிடும். ஆஃப்செட் மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும் கரண்ட் சென்ஸ் ஐசி போட்டால் தீர்ந்தது. பேட்டரி வோல்டேஜையும் மறக்காதீர்கள்: மைக்ரோகன்ட்ரோலருக்கு அது மைனஸில் தெரியும், தலைகீழாக்கும் ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

நிழல் விழும் இடமானால் பவர் வளைவில் இரண்டு உச்சிகள் இருக்கும். படிப்படியாகத் தேடும் ப்ரோகிராம் சின்ன உச்சியில் உட்கார்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ட்யூட்டியை 0.30-லிருந்து 0.70 வரை ஓட்டிப் பார்த்து, உயர்ந்த இடத்துக்குத் தாவச் சொல்லுங்கள். 8.5 வோல்ட் உச்சியைப் பிடிக்கத்தானே இந்த சர்க்யூட்டையே தேர்ந்தெடுத்தோம்.

லித்தியம் பேட்டரியில் ஒரு ஆபத்து தனியாக இருக்கிறது. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) சார்ஜ் முடிந்ததும் பேட்டரியை வெட்டிவிடும். 6.5 ஆம்பியர் போக இடமின்றி 220 மைக்ரோஃபேரட் அவுட்புட் கெபாசிட்டருக்குள் பாயும்: ஒரு மில்லிசெகண்டுக்கு 30 வோல்ட் வேகத்தில் ஏறும். 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும் ப்ரோகிராமால் காப்பாற்ற முடியாது. 15.5 வோல்ட்டில் கேட் டிரைவரை நேரடியாக நிறுத்தும் கம்பேரேட்டர் வேண்டும்.

பேனல் இல்லாமலே சோதிக்கலாம். 30 வோல்ட் பவர் சப்ளை, தொடராக 10 ஓம் 50 வாட் ரெசிஸ்டர். இப்படிப்பட்ட மூலத்தின் உச்ச பவர் எப்போதும் பாதி வோல்டேஜில்தான். ப்ரோகிராம் சரியென்றால் இன்புட் 15 வோல்ட், 1.5 ஆம்பியர், 22.5 வாட்டில் போய் நிற்கும். 13-லோ 17-லோ நின்றால் கோளாறு அளவீட்டில்.

அலைவையே ஒழிப்பது

சூக்கின் அடுத்த கண்டுபிடிப்பு என்னை இன்னும் அதிகமாக ஈர்க்கிறது. மேலே இரு காயிலிலும் அலைவு அதே 0.8 ஆம்பியராக வந்தது தற்செயல் அல்ல. ஆன் நேரத்திலும் ஆஃப் நேரத்திலும் இரண்டின் மேலும் நிற்கும் வோல்டேஜ் ஒன்றேதான். அப்படியானால் இரண்டையும் ஒரே கோரில் சுற்றலாம். சுற்றுக்களின் விகிதத்தைச் சரியாக வைத்தால் ஒரு பக்கத்தின் அலைவு முற்றிலும் மறைந்து மறுபக்கத்துக்குப் போய்விடும்.

சோலாருக்கு மறையவேண்டியது பேனல் பக்க அலைவு. இரு காயிலுக்கும் இடையே உள்ள இணைப்புக் கெழு (ஒன்றின் காந்தப்புலம் மற்றதை எந்த அளவு தொடுகிறது என்ற எண்) 0.9 என்றால், முதல் காயில் 40 சுற்று, இரண்டாம் காயில் 36 சுற்று. அவுட்புட் அலைவு இரண்டாம் காயில் தனியாக இருந்தால் எவ்வளவோ அவ்வளவே இருக்கும். இரு காயில்களின் வெளிமுனைகளும், அதாவது பேனலை நோக்கியதும் பேட்டரியை நோக்கியதும், ஒரே துருவமாக இருக்கவேண்டும். மாற்றி இணைத்தால் அலைவு பன்மடங்காகும். இரண்டின் டிசி காந்தப்புலமும் கூடிச் சேரும் என்பதால் கோரின் காற்று இடைவெளியை 12 ஆம்பியருக்கும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

சாலிடர் வைப்பதற்கு முன்பே இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸை இரண்டாம் காயிலுக்குக் கொடுங்கள். முதல் காயிலைத் திறந்தே விட்டு, ஆசிலாஸ்கோப்பின் இரு சேனலிலும் இரண்டையும் பாருங்கள். இரண்டு வோல்டேஜும் சமமாக இருந்தால் பேனல் பக்க அலைவு பூஜ்யம். முதல் காயிலில் கூடுதலாகத் தெரிந்தால் இரு சுற்றுக்களையும் கோரின் மேல் கொஞ்சம் விலக்கி நகர்த்துங்கள், அல்லது முதல் காயிலிலிருந்து ஒரு சுற்றைப் பிரித்தெடுங்கள். குறைவாகத் தெரிந்தால் நெருக்குங்கள். சமமானதும் சுற்றுக்கள் நகராதபடி எபாக்ஸி வைத்து ஒட்டிவிட்டு, காய்ந்த பின் இன்னொருமுறை அளந்துவிட்டுப் போர்டில் ஏற்றுங்கள்.